கிணற்றில் கிடைத்த கனமான கறுப்புக் கல் கொலம்பைட்டா? பர்கூர் பக்கத்து பெக்மடைட் பற்றி

பர்கூர்ப்பையன்

எல்லோருக்கும் வணக்கம். பர்கூருக்கும் ஜெகதேவிக்கும் இடையில் என் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. தண்ணீர் கீழே போய்விட்டதால் பழைய கிணற்றை ஆழப்படுத்தினார்கள். சாம்பல் நிறப் பாறைக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு பட்டை குறுக்கே ஓடுகிறது. வெங்கச்சங்கல் நிறைய இருக்கிறது. பளபளவென்று தட்டையாக உடையும் இளஞ்சிவப்புக் கல் ஒவ்வொன்றும் செங்கல் அளவு. நடுநடுவே காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரிகிறது.

இந்தப் பட்டைக்குள் கறுப்புக் கட்டிகள் இருக்கின்றன. இரண்டு வகை. ஒன்று இரும்பு மாதிரி மினுக்கம், முக்கோண முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, கையில் எடுத்தாலே கனம் தெரியும். இன்னொன்று தார் உறைந்தது போலக் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி இளஞ்சிவப்புக் கல் செங்கல் நிறத்துக்கு மாறி, வெடிப்பு வெடிப்பாக விட்டிருக்கிறது.

விஷயம் எப்படியோ வெளியே பரவி ஒரு தரகர் வந்தார். "இது கொலம்பைட், ராக்கெட்டுக்குப் போகிற சரக்கு, டன் கணக்கில் இருந்தால் கோடிக்கணக்கில் பணம்" என்கிறார். முதலில் பரிசோதனைச் செலவுக்கு என்று இருபதாயிரம் கட்டச் சொல்கிறார். மாமா கட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறார். கல் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது என்ன? வீட்டிலேயே ஏதாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

குவாரி_மேஸ்திரி

தம்பி, முதலில் பணம் கட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கல் பிறகு.

இருபது வருஷத்துக்கு மேல் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து கிரானைட் குவாரிகளில் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் பட்டை எங்களுக்குத் தினமும் கண்ணில் படுவது. பாரடைசோ என்ற வரி ஓடும் கிரானைட்டில் பிளாக் எடுக்கும்போது இந்த மாதிரி ஒரு பட்டை குறுக்கே வந்தால் அந்த பிளாக் கழிவு மேட்டுக்குத்தான் போகும். ஏற்றுமதிக்காரர் வாங்க மாட்டார். அந்தக் கழிவு மேட்டில் கறுப்புக் கட்டி கொட்டிக் கிடக்கிறது. கொலம்பைட் அப்படிக் கிடைப்பதாக இருந்தால் இந்த மாவட்டத்தில் எந்தக் குவாரியும் பிளாக் வெட்டிப் பிழைக்க வேண்டியதில்லை.

பணம் முன்கூட்டிக் கேட்கிற ஆளை நம்பக் கூடாது என்பதற்கு இரிடியம் கதை ஒன்றே போதும். கோயில் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு என்று சொல்லித் தமிழ்நாடு முழுக்க எத்தனை குடும்பத்தின் தலையில் மிளகாய் அரைத்தார்கள்! இப்போது செய்தித்தாளில் அரிய கனிமம் என்று வருவதால் சரக்கின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாறைக்காரர்

ஓய்வு பெற்ற புவியமைப்பியலாளன். கொலம்பைட் என்ற பெயர் அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொலம்பைட் ஓர் ஆக்சைடு கனிமம். இரும்பு, மாங்கனீசு, நையோபியம், ஆக்சிஜன் சேர்ந்தது. நையோபியத்தின் இடத்தில் டாண்டலம் கூடக் கூட அதே கனிமக் குடும்பம் டாண்டலைட் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை கிடையாது, படிப்படியாக மாறும். ஒரே படிகத்தில் நடுப்பகுதி ஒரு கலவையாகவும் ஓரம் இன்னொரு கலவையாகவும் இருப்பது சாதாரணம்.

அது ஏன் பெக்மடைட்டில், அதாவது உங்கள் கிணற்றுப் பட்டை மாதிரிப் பெரிய படிகங்களால் ஆன பாறையில், வருகிறது என்று கேட்டால், பாறைக் குழம்பு ஆறும்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். கிரானைட் குழம்பிலிருந்து பெல்ட்ஸ்பார் (நீங்கள் சொன்ன இளஞ்சிவப்புக் கல்), குவார்ட்ஸ் (வெங்கச்சங்கல்), மைக்கா (காக்காப்பொன்) படிகமாகப் பிரிந்துகொண்டே வரும். நையோபியம், டாண்டலம் அயனிகள் உருவில் சிறியவை, மின்னேற்றம் அதிகம். மேலே சொன்ன மூன்றின் கட்டமைப்புக்குள்ளும் அவற்றுக்குச் சரியான இடமில்லை. அதனால் கடைசி வரை மிஞ்சும் குழம்பில் தங்கிவிடும். அந்தக் கடைசிக் குழம்பில் தண்ணீரும் புளோரினும் போரானும் லித்தியமும் சேர்ந்திருப்பதால் அது நீர்த்துப்போய் வெடிப்புகளில் சுலபமாகப் பாயும். படிகமும் பெரிது பெரிதாக வளரும். உங்கள் மாமா கிணற்றில் செங்கல் அளவுக்கு பெல்ட்ஸ்பார் இருக்கிறதே, அது இதன் விளைவு. ஆனால் ஒன்று: படிகம் பெரிதாக இருப்பதால் மட்டும் அரிய தனிமம் உள்ளே இருக்க வேண்டும் என்று இல்லை. உலகத்தில் பெரும்பாலான பெக்மடைட்டில் குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், மைக்கா தவிர வேறு பெரிதாக ஒன்றும் இருக்காது.

இப்போது சோதனை. கறுப்புக் கல்லைப் புகைப்படத்தில் பார்த்துப் பெயர் சொல்வது யாராலும் முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று, பாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும், கிராம் காட்டினால் சரி. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் கல்லை முடிந்த அளவு தட்டி எடுத்துவிட்டு எடை போடுங்கள். அப்புறம் ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழை விரலால் தட்டிவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. கல்லின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி.

குவார்ட்ஸ் 2.65. கறுப்பு டூர்மலைன், ஹார்ன்பிளெண்ட் எல்லாம் 3 முதல் 3.4 வரை. இல்மனைட் 4.7. கொலம்பைட் 5.2-இல் தொடங்கும், டாண்டலம் ஏற ஏற 8 வரை போகும். இரண்டு வகைக் கல்லையும் தனித்தனியாகச் செய்து எண்ணைப் போடுங்கள்.

ஊத்தங்கரை_ஆசிரியை

வேதியியல் ஆசிரியை நான். பாறைக்காரர் ஐயா சொன்ன "படிப்படியாக மாறும்" என்பதற்குப் பின்னால் அறுபது வருஷச் சண்டை ஒன்று இருக்கிறது. என் வகுப்பில் பிள்ளைகள் ரொம்ப ஆர்வமாகக் கேட்கிற பாடம் இது.

1801-இல் சார்லஸ் ஹாட்செட் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஒரு கறுப்புக் கல்லை எடுத்து ஆராய்ந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து வந்து பல வருஷம் அலமாரியில் கிடந்த கல். அதில் புதுத் தனிமம் இருப்பதாகக் கண்டு கொலம்பியம் என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷமே சுவீடனில் ஏக்கபெரி, பின்லாந்திலிருந்தும் இட்டர்பியிலிருந்தும் வந்த கற்களில் டாண்டலத்தைக் கண்டார். 1809-இல் வோல்லஸ்டன் இரண்டும் ஒன்றுதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அவர் சாதாரண ஆள் கிடையாது, பல்லேடியமும் ரோடியமும் கண்டுபிடித்தவர். அதனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். 1844-இல் ஹைன்ரிக் ரோஸ் வந்து இரண்டும் வேறு என்றார். 1866-இல் மாரிஞாக் பொட்டாசியம் புளோரைடு உப்புகளாக மாற்றி, டாண்டலம் உப்பு சுலபத்தில் கரையாது, நையோபியம் உப்பு கரையும் என்ற வித்தியாசத்தைப் பிடித்து இரண்டையும் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இவ்வளவு குழப்பம் ஏன்? டாண்டலத்தின் அணு எடை 180.9, நையோபியத்தின் அணு எடை 92.9. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனாலும் அயனியின் உருவ அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். நடுவில் லாந்தனைடு வரிசை வந்து அணுவைச் சுருக்கிவிடுகிறது. +2 பாடத்தில் லாந்தனைடு குறுக்கம் என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் நேரடி விளைவு. உருவம் ஒன்றாக இருப்பதால் கல்லுக்குள் ஒன்றின் இடத்தில் மற்றது தாராளமாக உட்காருகிறது. எடை வேறாக இருப்பதால் ஒப்படர்த்தி 5-லிருந்து 8-க்கு ஏறுகிறது. ஆய்வகம் இல்லாத ஒருவர் டம்ளர் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அணு எடை வித்தியாசத்தைப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

பர்கூர்ப்பையன்

செய்துவிட்டேன். தராசு பக்கத்து மளிகைக் கடை அண்ணனுடையது.

முக்கோண முகம் இருக்கும் கல்: எடை 212 கிராம், தண்ணீரில் தொங்கவிட்டபோது 41. வகுத்தால் 5.17.

தார் மாதிரி இருக்கும் கல்: 148 கிராம், தண்ணீரில் 39. வகுத்தால் 3.79.

முதல் கல் கொலம்பைட் எண்ணுக்கு ஒட்டி வருகிறதே? மாமா இதைப் பார்த்ததும் தரகருக்கு போன் போட எடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தென்பெண்ணைக்கரை

5.17 என்றால் கொலம்பைட்தான், சந்தேகமே வேண்டாம். ஐயா கொடுத்த எண் 5.2. தராசுப் பிழை போனால் சரியாக உட்காருகிறது. எல்லாவற்றையும் ஏமாற்று என்று தள்ளிவிட்டால் நம் மாவட்டத்துக்கு எப்போதுதான் நல்லது வரும்? மாங்கூழ்த் தொழிற்சாலையும் கிரானைட்டும் தவிர இங்கே என்ன இருக்கிறது? பெங்களூரு பக்கத்தில் மண்டியாவில் லித்தியம் கிடைத்தது என்றார்கள், அதுவும் பெக்மடைட்தான். அங்கே இருந்து பாறை இங்கே தொடர்ச்சியாகத்தானே வருகிறது.

பாறைக்காரர்

தம்பி, அவசரம் வேண்டாம். மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் ஒப்படர்த்தியும் 5.2. இந்த இரண்டையும் தராசு பிரித்துக் காட்டாது. தராசின் வேலை டூர்மலைன், ஹார்ன்பிளெண்ட், இல்மனைட் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுப்பது. அதைச் செய்துவிட்டது.

இனிமேல் மூன்று விஷயம். முதலாவது காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தமோ, கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்த காந்தமோ நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கல்லைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். மேக்னடைட் என்றால் காந்தம் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். கொலம்பைட் என்றால் பலமான காந்தம் லேசாகச் சாயும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

இரண்டாவது, உரசினால் வரும் நிறம். பீங்கான் ஃபியூஸ் கட்டையில் மெருகு இல்லாத அடிப்பக்கம் இருக்கும், அதில் அழுத்தி உரசுங்கள். மேக்னடைட் சுத்தக் கறுப்பு. கொலம்பைட் கருஞ்சிவப்பிலிருந்து கறுப்பு வரை. ஆகவே இது தனியாக நின்றால் போதாது, மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது படிக உருவம். எனக்கு முதலிலேயே உறுத்தியது இதுதான். முக்கோண முகங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு முக்கோணம் சேர்ந்த எண்முகி மேக்னடைட்டின் வழக்கமான உருவம். கொலம்பைட் அப்படி வளராது. தட்டையான பலகையாகவோ குட்டைச் செவ்வகத் தூணாகவோ வரும், முகத்தில் இணைகோடுகள் ஓடும், இரட்டைப் படிகமானால் இதய வடிவம் கிடைக்கும். மேலே பல நேரம் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுக்கம் படர்ந்திருக்கும்.

மண்டியா விஷயம்: அந்த மாவட்டத்து மார்லகல்லாவில் இருப்பது நாகமங்களா சிஸ்ட் (ஏடு ஏடாகப் பிளக்கும் உருமாறிய பாறை) பட்டையை ஒட்டிய பெக்மடைட். அங்கே கொலம்பைட்-டாண்டலைட்டும் உண்டு, உண்மைதான். ஆனால் 2020-இல் 14,100 டன் லித்தியம் என்று செய்தி வந்தது, அடுத்த வருஷம் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்கு 1,600 டன். அணுக் கனிம இயக்குநரகம் துளை போட்டுப் பார்க்கிற இடத்திலேயே எண் இப்படிச் சுருங்குகிறது. கிணற்றுக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு டன் கணக்குச் சொல்பவரை என்னவென்று எடுத்துக்கொள்வது?

சேலம்_முதுகலை

புவியமைப்பியல் எம்.எஸ்சி. படிக்கிறேன். இரண்டாவது கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது.

ஒப்படர்த்தி 3.79, தார் மினுக்கம், சுற்றியுள்ள பெல்ட்ஸ்பார் சிவந்திருக்கிறது, கல்லிலிருந்து கதிர் கதிராக வெடிப்பு ஓடுகிறது. நாலும் சேர்ந்தால் அலனைட் என்று தோன்றுகிறது. அது ஆக்சைடு கிடையாது, எபிடோட் குடும்பத்து சிலிகேட். சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் இருக்கும், கூடவே தோரியமும் கொஞ்சம் இருக்கும். தோரியத்தின் கதிர்வீச்சு கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளிருந்தே தாக்கி, கல்லின் படிகக் கட்டமைப்பு குலைந்துபோகும். அப்போது கன அளவு கூடும். கல் வீங்கினால் சுற்றியிருப்பது வெடிக்கத்தானே வேண்டும். பெல்ட்ஸ்பாரின் சிவப்புக்கும் அந்தக் கதிர்வீச்சு ஒரு காரணம். படிகம் குலைந்தவை உடையும்போது கண்ணாடி மாதிரி வளைவாக உடையும், அதையும் பாருங்கள்.

பயப்படத் தேவையில்லை, ஆனால் சில விஷயம் கட்டாயம். அந்தக் கல்லைப் பொடிக்கக் கூடாது, தூசியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. தொட்டால் கை கழுவுங்கள். படுக்கையறையிலோ பூஜை அலமாரியிலோ வைக்க வேண்டாம், காற்றோட்டமான வெளிக் கொட்டகையில் மூடி போட்ட டப்பாவில் போட்டு வையுங்கள். குழந்தைகள் விளையாட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொலம்பைட் குடும்பத்தோடு சேர்ந்து வருகிற சமர்ஸ்கைட், யூக்செனைட் மாதிரியான ஆக்சைடுகளில் யுரேனியம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆக, எந்தப் பெக்மடைட்டிலும் பெயர் தெரியாத கறுப்புக் கல்லை இப்படித்தான் கையாள வேண்டும்.

பர்கூர்ப்பையன்

காந்தம் பார்த்தாயிற்று. முக்கோணக் கல் காந்தத்தை அப்படியே இழுத்துக்கொண்டது. பழைய ஸ்பீக்கர் காந்தம்தான், இரண்டு கை போட்டுப் பிரித்தோம். ஃபியூஸ் கட்டையில் கறுப்புக் கோடு. மாமா தானே செய்து பார்த்தார், பக்கத்தில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தரகரை இனி வர வேண்டாம் என்று அவரே போனில் சொல்லிவிட்டார்.

தார்க் கல்லில் காந்தம் அசையவே இல்லை. உடைந்த ஓரம் வளைவாகத்தான் இருக்கிறது. டப்பாவில் போட்டுக் கொட்டகையில் வைத்தாயிற்று.

ஓசூர்_சர்க்யூட்

மாமாவுக்கு நல்ல மனசு. நான் ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் பலகை தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கனிமம் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் கையில் ஓடும் பலகைகளில் மஞ்சளும் கறுப்புமாக அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று இருக்கும், ஒரு முனையில் கோடு போட்டிருக்கும். டாண்டலம் கெப்பாசிட்டர். டாண்டலம் பொடியைச் சுட்டு இறுக்கி நுண்துளை நிறைந்த கட்டியாக்குவார்கள். அதன் மேற்பரப்பு முழுக்க டாண்டலம் ஆக்சைடு படலம் மெல்லிசாக வளர்த்துவிடுவார்கள். அந்தப் படலத்தின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்க உதவும் திறன், அலுமினியம் ஆக்சைடைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. இத்தனூண்டு இடத்தில் பெரிய கெப்பாசிட்டர் வேலையை முடித்துவிடலாம். கோடு போட்ட முனை நேர்மின் முனை, திருப்பி வைத்து ஏற்றினால் எரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதை.

கொலம்பைட்-டாண்டலைட் தாதுவைக் காங்கோவில் கோல்டான் என்பார்கள். கிழக்குக் காங்கோவில் மனிதர்கள் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கி எடுக்கிறார்கள். அந்தப் பணம் ஆயுதக் குழுக்களுக்குப் போகிறது என்பதால் 2010-இல் அமெரிக்கா தனிச் சட்டப்பிரிவு கொண்டுவந்தது. வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் இந்த நாலும் எங்கிருந்து வந்தது என்று நிறுவனங்கள் கணக்குக் காட்ட வேண்டும். எங்களுக்கு வரும் கெப்பாசிட்டர் சுருளோடு அதற்கான உறுதிமொழித் தாளும் வருகிறது. பெயர் தெரியாத தரகரின் சாக்குமூட்டையை இந்தச் சங்கிலிக்குள் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதையும் உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள்.

ராக்கெட் என்று தரகர் சொன்னதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. நையோபியத்தின் உருகுநிலை 2,477 டிகிரி. பி.எஸ்.எல்.வி. நான்காம் நிலை எஞ்சின்களின் நாசில் (வாயு பீறிடும் கூம்பு) நையோபியக் கலப்பு உலோகத்தில் செய்தது. அதற்குப் பதிலாகக் கார்பன்-கார்பன் நாசில் செய்து மகேந்திரகிரியில் சோதித்ததாக 2024-இல் இஸ்ரோ அறிவித்தது. எடை 67 சதவீதம் குறையும், 15 கிலோ கூடுதலாகச் செயற்கைக்கோள் ஏற்றலாம் என்றார்கள்.

தென்பெண்ணைக்கரை

சரி, அந்தக் கல் மேக்னடைட் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. கிருஷ்ணகிரி, தர்மபுரியில் நையோபியமே இல்லையா? இல்லை என்றால் ஏன் இல்லை? அதையாவது யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

பாறைக்காரர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இருக்கிறது. எல்லோரும் தேடுகிற பாறையில் இல்லை.

முதலில் பெக்மடைட். எல்லாப் பெக்மடைட்டும் ஒரே வழியில் பிறப்பதில்லை. பூமிக்குள் மிக ஆழத்தில், அதிக வெப்பத்தில் பாறை பாதி உருகி, உருகிய பகுதி அங்கேயே சிறிது தூரம் நகர்ந்து உறைந்தால் அது ஒரு வகை. பெரிய கிரானைட் உடல் ஒன்று மெல்ல ஆறி, மிஞ்சிய கடைசிக் குழம்பு அதைவிட மேலே இருக்கும் சிஸ்ட் பாறைகளுக்குள் புகுந்து உறைந்தால் அது இன்னொரு வகை. லித்தியம், பெரிலியம், நையோபியம், டாண்டலம் எல்லாம் சேர்ந்து செறிவது இரண்டாவது வகையில். மார்லகல்லா அப்படிப்பட்டது. சத்தீஸ்கரின் பஸ்தர், ஜார்க்கண்டின் மைக்கா பட்டை, கனடாவின் டாங்கோ, ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் எல்லாமே இந்த வகை.

நம் பாரடைசோ இருக்கிறதே, வரி வரியாக வெள்ளையும் கறுப்பும் ஊதாவும் நெளிந்து ஓடும், அது பாதி உருகிய பாறையின் அச்சு அசலான உருவம். அந்த வெள்ளை நெளிவுகளே உருகிப் பிரிந்த பகுதி. அதோடு சேர்ந்து வரும் பெக்மடைட்டில் மேக்னடைட்டும் அலனைட்டும் இருப்பது இயல்பு. பர்கூர்ப்பையனின் கிணறு அந்தப் பாடத்தை வரிக்கு வரி சொல்கிறது. அதில் கொலம்பைட் கிடைக்கவே கிடைக்காது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் தேடுவதற்கு அதை முதல் இடமாக வைக்க மாட்டேன். கோலார் சிஸ்ட் பட்டையின் தெற்கு நீட்சி வேப்பனப்பள்ளி, மகராஜகடை பக்கம் இறங்குகிறது. பெக்மடைட்டில் தேட வேண்டும் என்றால் அந்த ஓரங்களைப் பார்ப்பேன்.

இப்போது முக்கியமானது. நம் பக்கத்து நையோபியம் கார்பனடைட்டில் இருக்கிறது. பெயர் தெரியாதவர்களுக்கு: பூமியின் மேலோட்டுக்குக் கீழிருந்து வந்த, பாதிக்கு மேல் கார்பனேட் ஆன நெருப்புப் பாறை. பார்த்தால் சுண்ணாம்புக் கல், பிறவி எரிமலைக் குழம்பு. ஜோலார்பேட்டை-சேலம் ரயில் பாதையில் சாமல்பட்டி ஸ்டேஷன் தெரியும் அல்லவா? அந்தச் சுற்றுவட்டாரம், ஜோகிப்பட்டி எல்லாம் சயெனைட் (கிரானைட் போன்ற, குவார்ட்ஸ் குறைந்த பாறை), கார்பனடைட் இரண்டும் சேர்ந்த தொகுதி. ஜோகிப்பட்டியில் பேரியம் மிகுந்த பென்ஸ்டோனைட் என்ற கார்பனேட் கனிமம் பாறையாகவே இருக்கிறது, 1971-இல் அது பற்றிக் கட்டுரை வந்தது. அதற்கு வடகிழக்கே, இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில், சேவத்தூர். தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின், வெர்மிகுலைட் என்ற மைக்கா போன்ற கனிமத்தை எடுக்கும் இடம். இவற்றின் வயது ஏறக்குறைய 75 முதல் 80 கோடி ஆண்டு. ஒகேனக்கல் கார்பனடைட் இவற்றைவிட மிகப் பழையது, 240 கோடி ஆண்டு. அருவிக்குப் போய் எண்ணெய்க் குளியல் போட்டு மீன் சாப்பிட்டு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்குக்கூட இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

சேவத்தூர் கார்பனடைட்டில் பைரோகுளோர் இருக்கிறது. அதுவும் நையோபிய ஆக்சைடுதான், கால்சியமும் சோடியமும் சேர்ந்தது. சேவத்தூரில் அது யுரேனியம் மிகுந்தது. உலகத்துக்கு வேண்டிய நையோபியத்தில் சுமார் 90 சதவீதம் பிரேசிலிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு அரசா என்ற ஊரின் கார்பனடைட் பைரோகுளோர். பெக்மடைட் கொலம்பைட்டை நம்பி இன்று நையோபியச் சந்தை இல்லை. பெக்மடைட்டின் பெருமை டாண்டலத்தில்.

இதில் களத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பைரோகுளோரும் எண்முகியாகத்தான் வளரும். மேக்னடைட்டும் எண்முகி. சேவத்தூர் மாதிரி இடத்தில் இரண்டும் ஒரே பாறையில் இருக்கும். அங்கே கறுப்பு எண்முகி ஒன்றைக் கையில் எடுத்தால் உருவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, காந்தம்தான் முதல் கேள்வி.

குவாரி_மேஸ்திரி

ஐயா, சாமல்பட்டியில் ரயில் மாற நின்றிருக்கிறேன், அந்த வெள்ளைப் பாறையைச் சுண்ணாம்புக் கல் என்றே நினைத்துக் கடந்திருக்கிறேன். அரூர், ஊத்தங்கரை பக்கம் மாலிப்டினம் தேடித் துளை போட்டார்களே, அதுவும் இதோடு சேர்ந்ததா?

பாறைக்காரர்

அருகருகே இருக்கின்றன. அரூர், ஊத்தங்கரை பக்கம் குவார்ட்ஸ் நரம்புகளில் மாலிப்டினைட் வருகிறது. பென்சில் கரி மாதிரி மென்மை, நீலச் சாம்பல் மினுக்கம், விரலில் ஒட்டும். அது சல்ஃபைடு. தனி இழையில் பேச வேண்டிய அளவுக்கு விஷயம் இருக்கிறது.

தர்மபுரி_வழக்கறிஞர்

சட்டப் பக்கம் யாரும் சொல்லாததால் சுருக்கமாக. பட்டா இருப்பதால் தோண்டி விற்கலாம் என்று அர்த்தம் இல்லை. 1957-ஆம் ஆண்டின் சுரங்கம், கனிமங்கள் சட்டப்படி குத்தகை இல்லாமல் கனிமம் எடுப்பதும், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றிச் செல்வதும், இருப்பு வைப்பதும் குற்றம். அனுமதியில்லாமல் எடுத்தால் ஐந்து வருஷம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். லாரியும் இயந்திரமும் பறிமுதல் ஆகும்.

நையோபியம், டாண்டலம் கனிமங்கள் முன்பு அணுக் கனிமப் பட்டியலில் இருந்தன. 2023 திருத்தத்தில் லித்தியம், பெரிலியம், டைட்டானியம், சிர்கோனியத்தோடு அவற்றையும் எடுத்து முக்கியக் கனிமங்கள் என்ற புதுப் பட்டியலில் சேர்த்தார்கள். தனியாரும் எடுக்கலாம், ஆனால் மத்திய அரசு நடத்தும் ஏலம் வழியாக மட்டும். ஏலத் தொகை மாநிலத்துக்குப் போகும். "இப்போது சட்டம் திறந்துவிட்டது, யாரும் விற்கலாம்" என்று சுற்றுகிற பேச்சு இந்தத் திருத்தத்தைத் திரித்துச் சொல்வது. யுரேனியம், தோரியம் சேர்ந்த அருமண் கனிமங்கள் இன்னமும் அணுக் கனிமப் பட்டியலில்தான் இருக்கின்றன. தார்க் கல் விஷயத்தில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் புவியியல், சுரங்கத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டு நகல் வாங்கி வையுங்கள். கிணறு வெட்டியதில் வந்தது என்று பதிவு இருந்தால் பின்னால் கேள்வி வந்தாலும் காட்ட ஆதாரம் இருக்கும்.

பர்கூர்ப்பையன்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று மட்டும். கிணற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் பட்டையின் நடுப்பகுதியை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் காக்காப்பொன்னும் இளஞ்சிவப்புக் கல்லும், நடுவில் கிட்டத்தட்ட முழுக்க வெங்கச்சங்கல். அந்த இரண்டும் சேரும் இடத்தில் விரல் நகம் அளவில் தட்டையான கறுப்புத் தகடுகள் நாலைந்து தெரிகின்றன. மேலே நீல மினுக்கம் இருக்கிற மாதிரித் தோன்றுகிறது. காந்தம் ஒட்டவில்லை. எடுக்கவா, விடவா?

சேலம்_முதுகலை

உடைத்து எடுக்காதீர்கள்! முதலில் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இல்மனைட்டும் தட்டையாக வரும், கறுப்பு மைக்கா ஏடும் டார்ச் வெளிச்சத்தில் இப்படி ஏமாற்றும். ஊசி முனையால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள், ஏடாகப் பிரிந்தால் மைக்கா.

பாறைக்காரர்

அவர் சொன்னதைச் செய்துவிட்டு, ஏடாகப் பிரியவில்லை என்றால் ஒரே ஒரு தகட்டை மட்டும் எடுங்கள். தனியாகப் பிடுங்காமல், சுற்றியிருக்கும் வெங்கச்சங்கல்லும் பெல்ட்ஸ்பாரும் சேர்ந்து கை அளவு கட்டியாக வர வேண்டும். பெக்மடைட்டில் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகப் போக நையோபியம் குறைந்து டாண்டலம் ஏறும், இரும்பு குறைந்து மாங்கனீசு ஏறும். எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாத கல்லை வைத்துக்கொண்டு ஆய்வகம் பெயர் மட்டும்தான் சொல்ல முடியும்.

கிணற்று மேல்விளிம்பிலிருந்து எத்தனை அடி ஆழம், பட்டையின் எந்தப் பக்கச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம், பட்டை எந்தத் திசையில் சாய்கிறது, இவற்றை அங்கேயே நின்று பென்சிலால் எழுதுங்கள். கல்லின் மேல் வெள்ளை பெயிண்டால் ஓர் எண் போட்டு, அதே எண்ணைத் தாளில் எழுதி, கல்லைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். வழக்கறிஞர் சொன்ன கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டு, நகலோடு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறைக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். மேக்னடைட் துண்டையும் கூடவே எடுத்துப் போங்கள், ஒப்பிட உதவும். தார்க் கல் கொட்டகையிலேயே இருக்கட்டும், அதைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், படம் போதும்.

கிணற்றில் இறங்கும்போது மாமாவை மேலே நிறுத்திவிட்டுக் கயிறு கட்டிக்கொண்டு இறங்குங்கள். வெடி வைத்த சுவர், தளர்ந்த கல் இருக்கும்.